டீசல் போட்டா, பெற்றோல் போட்டா? எங்கள் வீட்டுக் குழுவில் ஒரு இரவு

[சனி, இரவு 7:42]

நான்: எல்லோருக்கும் வணக்கம். சுற்றுலா ஆட்களை ஏற்ற வாங்கும் போட் விஷயம் இரண்டில் வந்து நிற்கிறது. ஒன்று கிண்ணியாவில் இருக்கும் 28 அடி மூன்றரைத் தொன் போட், உள்ளே டீசல் எஞ்சின். மற்றது இங்கே நிலாவெளியில், 23 அடி ஃபைபர் போட், பின்னால் 40 எச்.பி. பெற்றோல் எஞ்சின், ஃபோர் ஸ்ட்ரோக். இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே விலைதான் சொல்கிறார்கள். எனக்கு டீசலில்தான் மனம் போகிறது. பெரியப்பா, பார்த்தால் பதில் போடுங்கள்.

அத்தான்: டீசலை எடு. எண்ணெய் குறைவாகக் குடிக்கும், எஞ்சினும் உழைக்கும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மாமா: நானும் அதைத்தான் சொல்லுவேன். பெற்றோலை நம்பி உள்ளே ஏறாதே தம்பி. என் கையை நீ பார்த்திருக்கிறாய்.

சித்தி: அண்ணா, அந்தக் கதையை இவன் முழுதாகக் கேட்டதில்லை. அப்போது இவனுக்கு 3 வயது.

மாமா: சரி, சொல்கிறேன். அது உள்ளுக்குள் பெற்றோல் எஞ்சின் பூட்டிய போட். எண்ணெய் போகும் குழாயில் ஒரு இணைப்பு கசிந்திருக்கிறது. இரவு முழுக்க மேல் பலகையை மூடி வைத்திருந்தோம். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரம், மேலே போகாது, படகின் அடியில் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும். காலையில் பலகையைத் திறக்காமலே ஸ்டார்ட் பண்ணினேன். ஸ்டார்ட்டரில் வந்த ஒரு பொறி போதும். பலகை என்னைத் தாண்டிப் பறந்தது. முழங்கை வரைக்கும் தோல் போய்விட்டது.

மாமா: 5 நிமிடம் பலகையைத் திறந்து, காற்றாடியைப் போட்டு, குனிந்து மணந்து பார்த்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. டீசல் அப்படியில்லை. 55 பாகை சூட்டுக்கு மேலே போனால்தான் அதன் ஆவி பற்றும். பெற்றோல் ஐஸ் குளிரிலும் பற்றும்.

அம்மா: இதைக் கேட்டபிறகு பெற்றோல் வேண்டாம் மகன். டீசலையே எடு.

[இரவு 8:05]

பெரியப்பா: எல்லாவற்றையும் வாசித்தேன். தம்பி, முதலில் நீ எனக்குப் பதில் சொல்லு. ஆட்களை எங்கே ஏற்றுவாய்?

நான்: நிலாவெளிக் கரையில்தான் பெரியப்பா. புறாமலைத் தீவுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது. ஒரு கிலோமீற்றர் வரும், போக 10 நிமிடம்.

பெரியப்பா: ஒரு நாளைக்கு எத்தனை தரம்?

நான்: சீசனில் 6 தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா: அப்போ எஞ்சின் ஓடுவது நாளுக்கு 2 மணி நேரம். 100 நாள் நல்ல ஓட்டம் என்றால் வருடத்துக்கு 200 மணி. 40 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் பெற்றோல் முழு வேகத்தில் மணிக்கு 12, 13 லீற்றர் குடிக்கும். அதே வலு டீசல் 8, 9. நீ முழு வேகத்தில் போகப் போவதில்லை, அந்தத் தூரத்துக்கு அது தேவையும் இல்லை. மணிக்கு 2 லீற்றர் மிச்சம் என்று பிடி. வருடம் முழுக்க 400 லீற்றர். அவ்வளவுதான் டீசலில் உனக்கு வரும் லாபம்.

அத்தான்: 400 லீற்றர் சும்மா காசா பெரியப்பா?

பெரியப்பா: இல்லை மகன், காசுதான். அந்த டீசல் எஞ்சினில் எண்ணெய் தெளிக்கும் ஊசியும் பம்பும் ஒருமுறை வேலைக்கு வந்தால் அந்தக் காசு எங்கே போகும் என்றும் பார். டீசலின் லாபம் மணிக்கணக்கில் ஓடுகிறவனுக்குத்தான். நான் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இருந்து இரவு இரவாக ஓடினேன். எஞ்சினை அணைக்காமல் 10, 12 மணி நேரம். அதற்கு டீசலை விட்டால் வேறில்லை, இப்போதும் சொல்வேன்.

பெரியப்பா: டீசல் எஞ்சினுக்குப் பாரம் வேண்டும், சூடு வேண்டும். 10 நிமிடம் ஓடி, அணைத்து, பிறகு 10 நிமிடம் ஓடினால் அது சூடாகவே ஆகாது. எரியாத எண்ணெய் கரியாகப் படியும். நல்ல எஞ்சினை நீ ஓட்டாமலே கெடுப்பாய்.

நான்: இது எனக்குத் தெரியாது.

அக்கா: நான் ஒன்று கேட்கலாமா? கச்சான் காற்றுக் காலம் சரி. கார்த்திகையில் வாடைக்காற்று தொடங்கினால் நிலாவெளிக் கடலில் எந்தப் போட்டும் நிற்காதே. அந்த மாதங்களில் இந்த மூன்றரைத் தொன்னை எங்கே வைப்பாய்?

[இரவு 8:21]

நான்: அதை நான் யோசிக்கவில்லை அக்கா.

பெரியப்பா: கேட்க வேண்டிய கேள்வியைப் பிள்ளை கேட்டுவிட்டாள். ஃபைபர் போட் என்றால் எஞ்சினைத் தூக்கிவிட்டு, கீழே உருளைத் தடி போட்டு, 8 பேர் பிடித்தால் மணலில் ஏறிவிடும். மூன்றரைத் தொன்னுக்கு அடியில் தண்டு, புரொப்பெல்லர், சுக்கான் எல்லாம் தொங்குகிறது. மணலில் ஏற்றினால் தண்டு வளையும். வருடம் முழுக்க அது தண்ணீரில்தான் நிற்க வேண்டும். அதாவது உள்துறைமுகத்துக்குள் இடம் பிடித்து, ஆள் வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை போய்த் தண்ணீர் இறைக்க வேண்டும். நிலாவெளியில் இருக்கிற உனக்கு அது ஒத்துவராது.

பெரியப்பா: சீசனிலும் பார். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று குழந்தையோடு வந்தால் முழங்கால் தண்ணீரில் நின்று ஏற வேண்டும். ஃபைபர் போட் அந்தளவு கிட்ட வரும். மற்றது வராது. புறாமலையைச் சுற்றிப் பவளப்பாறை வேறு.

அக்கா: பாறையைச் சொன்னபடியால் இதையும் சொல்கிறேன். பழைய டூ ஸ்ட்ரோக்கை மட்டும் எடுக்காதே. அது குடிக்கும் எண்ணெயில் கால்வாசி வரை எரியாமலே புகையோடு தண்ணீருக்குள் போகும். 2003 இல் தேசியப் பூங்காவாக்கிய இடம் அது. நாங்கள் அதைக் காட்டித்தான் சாப்பிடப் போகிறோம்.

நான்: இது ஃபோர் ஸ்ட்ரோக் அக்கா. பெற்றோலோடு எஞ்சின் ஒயில் கலக்கத் தேவையில்லை.

மச்சான்: திமிங்கலம் பார்க்கக் கூட்டிப்போவதாகச் சொன்னாயே, அதற்கு டீசல் வேண்டாமா?

பெரியப்பா: அதற்கு எண்ணெயை விட வேகம் முக்கியம். மூன்றரைத் தொன் மணிக்கு 12, 13 கிலோமீற்றருக்கு மேல் போகாது, அதன் உடம்பே அப்படி. எஞ்சினைப் பெரிதாக்கினாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் போகும். வெளிக்கடலில் 20 கிலோமீற்றர் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ஆட்கள் திமிங்கலத்தைக் காண முதலே வாந்தி எடுத்துவிடுவார்கள். ஆனால் 23 அடியில் அவ்வளவு தூரம் ஒற்றை எஞ்சினோடு போவதையும் நான் விரும்பவில்லை. முதல் வருடம் புறாமலையோடு நில்.

மாமா: அண்ணா, நீங்களா பெற்றோலுக்குப் பேசுகிறீர்கள்? 30 வருடம் டீசல் கையோடு இருந்த ஆள்.

பெரியப்பா: அதனால்தான் பேசுகிறேன். டீசல் கெடாது என்று ஆட்கள் சொல்வார்கள். ஒரு இரவு மூதூரில் இருந்து வரும்போது கொட்டியாரக் குடா நடுவில் எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றது. வழியில் ஒரு இடத்தில் அடித்த டீசலில் தண்ணீர். பில்டர் கிண்ணத்தைக் கழற்றி டோர்ச்சில் பிடித்தேன். கீழே இரண்டு விரல் அளவுக்குத் தண்ணீர், மேலே சளி மாதிரிக் கறுப்பாக ஒன்று. டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து அப்படி வரும். டோர்ச்சை வாயில் கடித்துக்கொண்டு பில்டரைக் கழுவி, காற்று இறக்கும் ஆணியைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்தேன். முதலில் நுரை நுரையாக வந்தது. நுரை நின்று சுத்த டீசல் வரும் வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம். மூதூர் கரையின் வெளிச்சம் விலகிக்கொண்டே போனது.

பெரியப்பா: எனக்கு அந்த வேலை தெரியும். உனக்குத் தெரியாது தம்பி. உன்னோடு 8 பேர் இருப்பார்கள். வெளி எஞ்சினில் கோளாறு வந்தால் கழற்றி முச்சக்கர வண்டியில் போட்டுக் கடைக்குக் கொண்டு போகலாம், 100 கிலோ வரும், இரண்டு பேர் தூக்குவார்கள். டீசல் எஞ்சினுக்கு கியர் பெட்டியோடு அதன் இரண்டு மடங்கு. மெக்கானிக்தான் போட்டுக்கு வர வேண்டும்.

அம்மா: அப்போ தீ?

மாமா: அக்கா, அவன் எடுப்பது திறந்த போட். எஞ்சின் வெளியே தொங்குகிறது, ஆவி காற்றோடு போய்விடும். ஆனால் தம்பி, எண்ணெய்க் கானை முன்பக்கம் அணியத்தில் மூடிய பெட்டிக்குள் மட்டும் வைக்காதே. வெளியே, காற்றுப்படும் இடத்தில் வை. நிரப்பும்போது கானைப் போட்டில் இருந்து இறக்கி மணலில் வைத்து நிரப்பு. ஆட்கள் இருக்கும்போது நிரப்பவே கூடாது. இதை நீ எனக்கு வாக்காகத் தர வேண்டும்.

நான்: தருகிறேன் மாமா.

அத்தான்: மண்ணெண்ணெய் எஞ்சின் பார்க்கவில்லையா? இங்கே பாதிப் பேர் அதில்தானே ஓடுகிறார்கள்.

மாமா: அது மலிவாக இருந்த காலம் போய்விட்டது. 2022 ஆவணியில் ஒரே இரவில் 87 ரூபாயில் இருந்து 340க்குப் போனதை மறந்துவிட்டாயா? எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மாதம் போட் இறங்கவில்லை. அதோடு, பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அணைக்கும் முன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். 10 நிமிட ஓட்டத்துக்கு அது சரிவராது.

சித்தி: நாளைக்கு இரவு ரயிலில் சின்னவள் வருகிறாள். யார் போய்க் கூட்டிவருவது?

மச்சான்: நான் போகிறேன் சித்தி.

[இரவு 9:10]

நான்: சரி பெரியப்பா. நிலாவெளிப் போட்டையே பார்க்கிறேன். கிண்ணியா ஆளுக்கு இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், அவரைக் காத்திருக்க வைக்கக் கூடாது. நாளைக் காலை நிலாவெளிக்கு வருவீர்களா?

பெரியப்பா: 6 மணிக்கு வருகிறேன். வெயில் ஏற முன் பார்க்க வேண்டும். எஞ்சின் தொங்கும் பின்பலகையை நாணயத்தால் தட்டிக்கொண்டு போவோம். டொக் டொக் என்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் உள்ளே மரம் ஊறிவிட்டது. ஃபோர் ஸ்ட்ரோக் பாரம், ஊறிய பலகை தாங்காது. பிறகு எஞ்சினின் கீழ்க்காலில் இருக்கும் கியர் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பார்ப்போம். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, திரும்பி வந்துவிடுவோம்.

அக்கா: நல்லதண்ணீர் பரல் ஒன்று என் வீட்டில் சும்மா கிடக்கிறது. ஒவ்வொரு நாளும் ஓட்டம் முடிந்ததும் எஞ்சின் காலை அதற்குள் விட்டு 10 நிமிடம் ஓட்டினால் உப்புக் கழுவப்படும் என்று பெரியப்பா சொல்வாரே. எடுத்துக்கொள்.

நான்: எடுக்கிறேன் அக்கா.

பெரியப்பா: தம்பி, விற்கிறவரிடம் இன்றிரவே சொல்லிவிடு. நான் வந்து எஞ்சின் மூடியில் கையை வைத்துக் குளிர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் வரை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. முதலே ஓட்டிச் சூடாக்கிவிட்டால், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது வரும் கோளாறு எதுவும் தெரியாது.

நான்: இப்போதே கூப்பிட்டுச் சொல்கிறேன்.