ஆடியில் பூநாரை ஏது?

பழவேற்காட்டில் பேய் என்றால் எல்லோரும் டச்சுக் கல்லறை வாசலைத்தான் சொல்வார்கள். வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பொழுது சாய்ந்தபின் அந்தப் பக்கம் போக நானும் நடுங்கியிருக்கிறேன். சாவை மறவாதே என்று சொல்ல அக்கால ஒல்லாந்தர் கல்லறைகளில் அப்படிச் செதுக்குவது வழக்கம் என்று தெரிந்த பிறகு அந்தப் பயம் போய்விட்டது. ஏரியில் கேட்டது மட்டும் போகவில்லை.

1994, ஆடி அமாவாசைக்கு முந்தின இரவு. எனக்கு 14 வயது. இறால் பிடிக்கப் போன மாமாவுடன் அடம்பிடித்துப் படகில் ஏறிக்கொண்டேன். முகத்துவாரத்துக்குச் சற்று உள்ளே வலையைக் கட்டிவிட்டுக் காத்திருந்தோம். காற்று அடியோடு நின்றிருந்தது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாப் பக்கம் வானத்தில் மங்கிய வெளிச்சம். மற்றபடி நீட்டிய கை தெரியாத இருட்டு.

முதலில் ஒரு முனகல். பிறகு பல குரல்கள். ஆணும் பெண்ணும் குழந்தைகளும் நெருக்கியடித்து உட்கார்ந்து, அழ வலுவில்லாமல் அழுவது போல. முகத்துவாரத்திலிருந்து கடலை நோக்கி அது நகர்ந்துகொண்டே போயிற்று. துடுப்புச் சத்தம் இல்லை, விளக்கு இல்லை.

"பூநாரைக் கூட்டமா மாமா?" என்றேன். இரவில் அவை கூட்டமாகக் கத்தினால் மனிதக் குரல் போலத்தான் இருக்கும்.

"ஆடியில் பூநாரை ஏது? அது மழைக்காலத்தில் வருகிற பறவை. பேசாமல் இரு மருமகனே."

தூக்குவாளியைத் திறந்து, எங்கள் இருவருக்கும் இருந்த சோற்றில் பாதியை அள்ளித் தண்ணீரில் விட்டார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் செய்வாராம். யாருக்கு என்று கேட்டேன். "பசியோடு போனவர்களுக்கு" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தேன். 1613இல் இங்கே ஜெல்டிரியா கோட்டை எழுந்தது. துணியோடு மனிதர்களையும் டச்சுக் கம்பெனி வாங்கியது. 17ஆம் நூற்றாண்டின் பஞ்சங்களில் சோற்றுக்காகத் தம்மையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கானோர் இந்தக் கரையிலிருந்து பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். வாங்கியவர்களுக்குப் பெயரும் குலச்சின்னமும் பொறித்த கல்லறைகள் இன்றும் காவலோடு இருக்கின்றன. விற்கப்பட்டவர்களுக்கு ஊரில் ஒரு கல் கூட இல்லை. அன்று அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடமே போகாத என் மாமா பசி என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தார்?

அவர் இப்போது ஏரிக்குப் போவதில்லை, முழங்கால் விட்டுவிட்டது. ஆடி அமாவாசைக்கு நான்தான் சோறு கொண்டுபோகிறேன். அந்தக் குரல் மறுபடி கேட்கவில்லை. ஏரியின் ஆந்திரக் கரையிலிருந்து தொழிலுக்குப் போகிறவர்கள் யாராவது பூநாரை இல்லாத மாதத்தில் அதைக் கேட்டிருந்தால், எந்தத் திசையில் போயிற்று என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.