புதுப்பிப்பு: பிராம்ப்டன் புது வீட்டுக்கு ஹீட் பம்ப்பா, காஸ் ஃபர்னஸா?

கனடாவின் பிராம்ப்டனில் கட்டிவரும் எங்கள் வீட்டுக்குக் காஸ் ஃபர்னஸும் (காஸை எரித்து வீட்டைச் சூடாக்கும் கருவி) ஏசியும் வைப்பதா, ஹீட் பம்ப் ஒன்றே போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஹீட் பம்ப்புடன் ஃபர்னஸையும் இணைத்து வைப்பதென முடிவு செய்துவிட்டோம். கோடையில் வீட்டைக் குளிர்விக்கும் அதே ஹீட் பம்ப் குளிர்காலத்தில் வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் என்றாலும், வெளியே குளிர் கூடக்கூட அதன் திறன் குறைவதால், மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே ஃபர்னஸ் எரியும்படி தெர்மோஸ்டாட்டில் அமைக்கச் சொல்லியிருக்கிறோம். வீட்டின் சதுர அடியை மட்டும் பார்த்து 4 டன் (டன் என்பது கருவியின் திறனுக்கான அளவு) வேண்டுமென்ற ஒப்பந்ததாரரை விட்டுவிட்டு, சுவர், ஜன்னல், காற்றுக் கசிவு அனைத்தையும் சேர்த்துப் பார்த்து வீட்டுக்கு எவ்வளவு திறன் தேவை என்று சொல்லும் கனடியத் தர முறையான சிஎஸ்ஏ எஃப்280 கணக்கைக் கேட்டு வாங்கினோம். இரண்டரை டன்னே போதுமென்று வந்தது. தேவைக்கு மிஞ்சிய கருவி நின்று நின்று ஓடி, கோடைப் புழுக்கத்தின் ஈரப்பதத்தைச் சரியாக வெளியேற்றாது என்பதால், "பெரிதாகவே போடுங்கள்" என்ற அறிவுரையை ஏற்கவில்லை. மேல்மாடிக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் டக்ட் (காற்றுக் குழாய்) வேலை மட்டும் இன்னும் பேசி முடிக்கப்படவில்லை.