வேனுக்குள் குடியிருக்கிறவர்கள் குளிக்க, துவைக்க என்ன செய்கிறீர்கள்?

கோவை_வண்டி:
அடுத்த மாதம் முதல் நானும் மனைவியும் வேனிலேயே தங்கப் போகிறோம். கோவையில் கிளம்பி மைசூர், குடகு, அப்புறம் கொங்கண் கடற்கரை. தண்ணீர்த் தொட்டி 60 லிட்டர்தான். அவளுக்கு வாசனை சோப்பு, ஷாம்பு எதுவும் ஒத்துக்கொள்ளாது, தோல் தடித்துவிடும். நாட்டு மருந்துக் கடைச் சாமான்களை வைத்தே சமாளிக்க முடியுமா?

மலைப்பாதை_செல்வி:
முடியும் தம்பி, நான் அப்படித்தான் இருக்கிறேன். ஆனால் வீட்டில்போல சீயக்காய்த் தூளைத் தலையில் அப்பினால், அலசுவதற்கே தொட்டி பாதி காலியாகிவிடும். பூந்திக்கொட்டை வாங்குங்கள். விதை நீக்கிய தோல் ஏழெட்டை ராத்திரி பிளாஸ்க் வெந்நீரில் போட்டு, காலையில் கசக்கித் துணியில் வடிகட்டுங்கள். தலைக்கு, துணிக்கு, தட்டுக்கு எல்லாவற்றுக்கும் அது போதும். வழியில் கிடைக்கும் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புத்தான். அதில் சோப்பு திரிந்து பிசுக்காக ஒட்டும். பூந்தியின் நுரை அதிலேயே இருக்கும் சபோனின் என்ற பொருளால் வருவது, அந்தப் பிசுக்கு வராது. கண்ணில் பட்டால் மட்டும் கடுமையாக எரியும். பிரிட்ஜ் இல்லையென்றால் சீக்கிரம் புளித்துவிடும், அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள்.

அக்குளுக்குப் படிகாரக் கட்டி. குளித்த ஈரத்தோடு ஒரு தேய்ப்பு. வியர்வையைத் தோலில் இருக்கும் கிருமிகள் சிதைப்பதால்தான் நாற்றம். படிகாரம் அவற்றை அடக்கும். ஒரு கட்டி மாதக்கணக்கில் வரும். சமையல் சோடா பூசச் சொல்வார்கள், தோல் தடிக்கிறவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

டீசல்_மணி:
பாசிப்பயறு மாவு தேய்ப்பதானால் வெளியே நின்று குளியுங்கள். வேன் சிங்க் குழாய் மெல்லியது, மாவு உள்ளே களியாகி அடைத்துக்கொள்ளும்.

கோவை_வண்டி:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. குடகில் காவிரி பக்கத்திலேயே இருக்கிறதே, பூந்தி நீரோடு ஆற்றிலேயே இறங்கிவிடலாமா? இயற்கைப் பொருள்தானே.

மலைப்பாதை_செல்வி:
தயவுசெய்து வேண்டாம் தம்பி. சபோனின் மீனின் செவுளைத் தாக்கும். பூந்தியை நசுக்கி நீரில் கலந்து மீன் பிடிக்கும் வழக்கமே உண்டு. அந்தக் காவிரியில் மஹ்சீர் மீன்கள் வாழ்கின்றன. ஆற்றில் சும்மா முங்கி எழுந்திருங்கள். தேய்த்துக் குளிக்க வேண்டுமென்றால் வாளியில் மொண்டு வந்து, கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, அழுக்கு நீர் மண்ணில் இறங்கும்படி குளியுங்கள்.

இன்னொன்று, இயற்கைப் பொருளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கிளம்புவதற்கு முன்பே பூந்தி நீரையும் படிகாரத்தையும் மனைவியின் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி, ஒருநாள் விட்டுப் பாருங்கள்.