எஃப்.ஆர். ஒயர்தான் போட்டிருந்தோம், ஆனால் புகை மாடிப்படியை அடைத்துவிட்டது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கோவை ஒயரிங்காரர்:

இருபத்திரண்டு வருஷமாக ஒயரிங் வேலை எடுத்துச் செய்கிறேன். காயில் அட்டையில் ‘எஃப்.ஆர்.’ (ஃபிளேம் ரிடார்டன்ட், அதாவது தீயைப் பரப்பாத ஒயர்) என்று இருந்தால் போதும் என்றுதான் நானும் போன மாதம் வரை இருந்தேன்.

நாலு மாடிக் கட்டடம். கீழே துணிக்கடை, மூன்றாவது மாடியில் டியூஷன் சென்டர். மாடிப்படியை ஒட்டியே எலக்ட்ரிக்கல் டக்ட், ஒயர்கள் மாடிக்கு மாடி ஏறுகிற பாதை. நான் ஒயரிங் முடித்துக் கொடுத்த பிறகு வேறு யாரோ வந்து ஏசி லைனை டக்டுக்குள் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானாக விழுகிற சுவிட்ச்) அடிக்கடி விழுகிறதென்று 20 ஆம்பியரைக் கழற்றி 32 போட்டிருக்கிறார்கள். 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயருக்கு 32! ஜாயின்ட் சூடேறிச் சூடேறி ஒரு சாயங்காலம் பற்றிக்கொண்டது.

பிள்ளைகள் மொத்தம் பதினாறு பேர். கீழே இறங்கப் பார்த்தால் படி முழுக்கக் கறுப்புப் புகை. அவர்களுடைய மிஸ் சமயோசிதமாக எல்லாரையும் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கதவு மட்டும் பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமென்று நினைத்தால் இன்னமும் தூக்கம் வருவதில்லை.

மறுநாள் டக்டைத் திறந்து பார்த்தேன். தனியாக ஓடிய ஒயர்கள் ஒரு முழத்துக்குக் கருகி, அதோடு நின்றிருந்தன. கட்டாகக் கட்டி ஓட்டிய இருபது முப்பது ஒயர்கள் மட்டும் பாதி மாடி உயரத்துக்கு உருகி ஒட்டிக் கிடந்தன. இரண்டு வாரம் கழித்துத் தீ எட்டாத போர்டுகளிலும் சுவிட்ச் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தது. கழற்றினால் பித்தளை ஸ்க்ரூ எல்லாம் பச்சை பூத்திருக்கிறது. ஒயரின் மேலுறையான பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வருகிறது. ஈரம் பட்டால் அது ஆசிட். ஸ்க்ரூவையே இப்படி அரிக்கிற ஆசிட் அந்தப் பிள்ளைகளின் மூச்சுக்குள் போயிருந்தால்?

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். ஐ.எஸ். 694 என்ற இந்தியத் தரத்தில் எஃப்.ஆர். ஒயருக்கு ஆக்சிஜன் இன்டெக்ஸ், அதாவது தொடர்ந்து எரியத் தேவையான ஆக்சிஜன் சதவீதம், குறைந்தது 29 இருக்க வேண்டும். காற்றில் ஆக்சிஜன் இருப்பது 21 சதவீதம் என்பதால், நெருப்பை எடுத்துவிட்டால் தானாக அணைந்துவிடும். புகையைப் பற்றி அந்த இரண்டு எழுத்து ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. எஃப்.ஆர்.எல்.எஸ்.எச். (புகையும் ஆசிட் வாயுவும் குறைவாக வரும் எஃப்.ஆர். வகை) என்றால்தான் புகைக்கும் ஆசிட் வாயுவுக்கும் வரம்பு உண்டு: எடைக்கு 20 சதவீத ஆசிட் வாயு வரை போகலாம். அதுவும் பி.வி.சி.தானே! ஹாலஜன் (பி.வி.சி.யில் இருக்கும் குளோரின் மாதிரியானவை) இல்லாத ஒயருக்குத் தனித் தரம், ஐ.எஸ். 17048. அதில் அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

மதுரை, வீடு கட்டிக்கொண்டிருப்பவள்:

அண்ணா, படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி, “எஃப்.ஆர்.னா தீயே புடிக்காதுக்கா, அதுக்கு மேல போறது தண்டச் செலவு”ன்னு சொன்னான். கடையில் எஃப்.ஆர்., ஹாலஜன் இல்லாதது என இரண்டு வகையிலும் ஒரு சாண் துண்டு வாங்கி, திறந்த மொட்டை மாடியில் காற்றுக்கு முதுகு காட்டி நின்று, கொறடில் பிடித்து லைட்டர் காட்டினோம். வீட்டுக்குள் யாரும் இதைச் செய்யாதீர்கள்.

லைட்டரை எடுத்ததும் இரண்டுமே அணைந்தன. அந்த மட்டில் தம்பி சொன்னது சரி. ஆனால் எஃப்.ஆர். துண்டு எரிந்த சில நொடியில் கறுகறுவென்று புகை சுருண்டது. கொறடின் வாய் முழுக்கக் கரி. தொண்டை எரிச்சல் ராத்திரி வரை போகவில்லை. ஹாலஜன் இல்லாத துண்டில் மெல்லிய வெள்ளைப் புகை, கடைசியில் சாம்பல்.

அப்பா இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். தீப்பிடித்தால் நாங்கள் ஓடிவிடுவோம், அவரைத் தூக்கிக்கொண்டு இறங்க நேரம் வேண்டும். வீடு முழுக்க ஹாலஜன் இல்லாததே போட்டோம். பைப் வளைவில் இழுக்க முரடாக இருக்கிறதென்று தம்பி அலுத்துக்கொண்டான், சில இடத்தில் பைப்பைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. அதிகமான செலவு ஒரு அறை டைல்ஸ் காசுகூட வரவில்லை.

தொழிற்சாலை மின்பொறியாளர்:

அந்தக் கட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒற்றைக் கேபிளை எரித்துப் பார்ப்பது ஒரு சோதனை, கட்டாக எரித்துப் பார்ப்பது வேறு சோதனை. ஐ.இ.சி. 60332 என்ற சர்வதேசத் தரத்தின் மூன்றாம் பகுதியில் மூன்றரை மீட்டர் துண்டுகளை ஏணியில் செங்குத்தாகக் கட்டி எரிப்பார்கள். கருகல் பர்னருக்கு மேலே இரண்டரை மீட்டரைத் தாண்டக் கூடாது. மீட்டருக்கு எத்தனை லிட்டர் எரியும் பொருள் என்பதை வைத்துத்தான் வகை: ஏ என்றால் 7 லிட்டர், பி 3.5, சி 1.5. ஏ, பி இரண்டுக்கும் 40 நிமிஷம் நெருப்பு, சி-க்கு 20.

எங்கள் பிளான்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மெயின் கேபிளில் உலோகம் போக மீட்டருக்கு முக்கால் லிட்டர். ஒரே டிரேயில் (கேபிள்களைத் தாங்கும் தட்டில்) ஒன்பது கேபிள் போனாலே ஏழு லிட்டரை நெருங்குகிறது. வாங்கி வைத்திருந்ததோ சி வகை! டிரேயைப் பிரித்து மூன்றாக்கினோம், புதிதாக வாங்குவதை ஏ ஆக்கினோம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எஃப்.ஆர். என்பதை ‘ஃபயர் ரெசிஸ்டன்ட்’ (தீயைத் தாங்குவது) என்று தப்பாக விரித்துக்கொள்கிறவர்கள் பலர். தீயணைப்பு பம்புக்கு எஃப்.ஆர். கேபிள் வந்து இறங்கியதை ஸ்டோரில் நானே பிடித்தேன். எஃப்.ஆர். தீயைப் பரப்பாது, அவ்வளவுதான், தீக்குள் கரண்ட் கொடுக்காது. பம்புக்கும் எமர்ஜென்சி லைட்டுக்கும் சூடு தாங்கும் மைகா டேப் சுற்றிய ஃபயர் சர்வைவல் கேபிள் வேண்டும். மேலே உறை எரிந்து போனாலும் உள்ளே சப்ளை நிற்காது.

டெல்லி உபஹார் தியேட்டரில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் போனார்கள். நெருப்பு கீழே டிரான்ஸ்ஃபார்மரில். மேலே பால்கனியில் இருந்தவர்களைக் கொன்றது புகை.

கோவை ஒயரிங்காரர்:

சாருக்கு நன்றி, லிட்டர் கணக்கு எனக்குப் புதுசு. தங்கச்சி, அப்பா அறையில் ஏசி லைனுக்கு நடுவில் ஜாயின்ட் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் போட்டாலும் எம்.சி.பி.யை மாற்றிப் பெரிசாக்க யாரையும் விடாதீர்கள். காயிலைப் பிரித்ததும் அட்டையை நம்பாமல் ஒயரின் மேலேயே அச்சடித்திருப்பதைப் படியுங்கள்.

அந்தக் கட்டடத்தில் வேலை நடந்துகொண்டிருக்கிறது. டக்டில் ஹாலஜன் இல்லாத ஒயர், கடைகளுக்குள் எஃப்.ஆர்.எல்.எஸ்.எச். என்று ஓனர் ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு தளத்திலும் டக்டைத் தீ தாங்கும் பூச்சால் அடைக்கிறோம். டியூஷன் திங்கட்கிழமை திறக்கிறது. இரண்டாம் தளத்து அடைப்பும் மொட்டை மாடிக் கதவின் புதுத் தாழ்ப்பாளும் பாக்கி. உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கிற தாழ்ப்பாள், அதை நானே வாங்கி வைத்துவிட்டேன்.