ஸ்டென்ட் வச்சும் அப்பாவுக்கு இஎஃப் (ஹார்ட் ஒவ்வொரு துடிப்புலயும் ரத்தத்த பம்ப் பண்ற சதவீதம்) ஏறல, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க
வணக்கம் ஃப்ரெண்ட்ஸ், அப்பாவுக்கு 63 வயசு, சுகர் உண்டு, மார்ச்ல ஸ்டென்ட் வச்சாங்க, அப்ப எக்கோல இஎஃப் 30, மூணு மாசம் கழிச்சு எடுத்தா 32 தான். அடைப்பு எடுத்தாச்சு, பம்பிங் தானா ஏறிடும்னு சொந்தக்காரங்க எல்லாம் சொன்னாங்க. தேடிப் பாத்தா 2022ல இங்கிலாந்துல ரிவைவ்ட்னு ஒரு ஆய்வு, ஹார்ட் வீக்கா இருந்த 700 பேரு, ஸ்டென்ட்டும் மாத்திரையும் சேத்து எடுத்தவங்களுக்கும் மாத்திரை மட்டும் எடுத்தவங்களுக்கும் இஎஃப்ல பெரிய வித்தியாசமே இல்லையாம். அட்டாக் வந்த உடனே அவசரமா வைக்கிற ஸ்டென்ட் வேற கதை, அது உயிரையே காப்பாத்துது, அதனால யாரும் பயந்துடாதீங்க.

இப்ப சாக்குபிட்ரில் வால்சார்டன், மெட்டோப்ரொலால், ஸ்பைரனோலாக்டோன், டாபாக்ளிஃப்ளோசின்னு ஹார்ட்டுக்கான மாத்திரை நாலும் ஓடுது, ஆனா பிரஷர் 95/60லயே நிக்குது, கட்டில்ல இருந்து எந்திரிச்சா ஜன்னல் கம்பியப் பிடிச்சு கொஞ்ச நேரம் நின்னுட்டுதான் நடக்குறாரு, அதனால டோஸ் ஏத்த டாக்டர் யோசிக்கிறாரு. இஎஃப் 35க்கு மேல வரலன்னா ஐசிடி (துடிப்பு ஆபத்தா தாறுமாறானா ஷாக் குடுத்து சரி பண்ண உடம்புக்குள்ள வைக்கிற கருவி) வைக்கணும்ங்கிறாங்க.

மாத்திரையிலயே இஎஃப் ஏறுனவங்க இருக்கீங்களா, எவ்ளோ மாசம் ஆச்சு? லோ பிரஷரோட டோஸ் எப்படி ஏத்துனாங்க? பூண்டு கஷாயம் மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ், பெரியம்மா ஏற்கனவே பாட்டில் பாட்டிலா அனுப்பிட்டாங்க. ஐசிடி வச்சவங்க வீட்ல யாராவது இருந்தா செலவு எவ்ளோ ஆச்சு, காப்பீட்டு கார்டுல எடுத்துக்கிட்டாங்களான்னும் சொல்லுங்க.