டெபியன் 12: கிராபிக்ஸ் டிரைவரை நிறுவிய பிறகு திரை 1024×768-இலேயே நிற்கிறது

கேள்வி

வணக்கம். ட்யூரிங் தலைமுறை என்விடியா அட்டை உள்ள மேசைக்கணினியில் லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 12-ஐப் புதிதாக நிறுவியிருக்கிறேன். முதல் நாள், டெபியனோடு வரும் கட்டற்ற டிரைவரான நூவோவில் திரை முழு அளவில் தெளிவாகத் தெரிந்தது. காணொளி வெட்டி ஒட்டும் வேலைக்கு அட்டையின் முழு வேகம் தேவைப்பட்டதால், கட்டற்றதல்லாத மென்பொருள்களுக்கான களஞ்சியத்தைச் சேர்த்து, என்விடியா டிரைவர் தொகுப்பை ஆப்ட் என்ற தொகுப்பு நிறுவி வழியாக நிறுவினேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் கணினியை மறுபடி தொடங்கியதும் திரை 1024×768-இல் நின்றுவிட்டது. அமைப்புகளில் வேறு அளவைத் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. கிராபிக்ஸ் என்ற வரியில் அட்டையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று இருக்கிறது. ஒரு சாளரத்தை இழுத்தாலே விசிறி இரையத் தொடங்குகிறது. டிரைவரை நீக்கிவிட்டு இருமுறை நிறுவியும் பயனில்லை. அட்டை பழுதாகிவிட்டதா, அல்லது நான் எதையாவது விட்டுவிட்டேனா?

மறுமொழி 1

முதல் நாள் நூவோவில் ஒழுங்காக இயங்கிய அட்டை மறுநாளே பழுதாகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எல்எல்விஎம்பைப் என்பது, அட்டையின் உதவியே இல்லாமல் மையச் செயலியைக் கொண்டு படம் வரையும் மாற்று ஏற்பாடு; மீசா என்ற வரைகலை நூலகத்தில் இருப்பது. விசிறி இரைவதற்கும் அதுவே காரணம். நீங்கள் நிறுவிய தொகுப்பு நூவோவைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிடும். புதிய டிரைவரும் ஏறவில்லை என்றால், பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்ற நிலைதான்.

இரண்டைப் பார்த்துச் சொல்லுங்கள். நிறுவும்போது, கணினியைத் தொடக்கும் கிரப்பின் வரியில் நோமோட்செட் (டிரைவர் திரை அளவை அமைப்பதைத் தடுக்கும் தெரிவு) என்று சேர்த்திருந்தால், அது இன்னும் அங்கேயே இருக்கிறதா? டெர்மினலில் ரூட் பயனராக மாட்ப்ரோப் கட்டளையால் என்விடியா கூற்றை (இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஏறும் டிரைவர் பகுதி) ஏற்றிப் பார்த்தால் என்ன விடை வருகிறது?

கேட்டவர்

நோமோட்செட் சேர்க்கவே இல்லை. கூற்றை ஏற்ற முயன்றால், சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பொருளில் ஒரே ஒரு வரி வருகிறது.

மறுமொழி 1

அந்த ஒரு வரி போதும். நம்பகமான கையொப்பம் இல்லாதவற்றை ஏற விடாமல் தடுக்கும் செக்யூர் பூட் உங்கள் கணினியில் இயங்குகிறது. டெபியனின் கெர்னலோடு வரும் கூற்றுகளில் அதன் கையொப்பம் இருப்பதால் நூவோவுக்குத் தடை இல்லை. என்விடியா கூற்றையோ டிகேஎம்எஸ் என்ற கருவி உங்கள் கணினியிலேயே தொகுத்து, அங்கேயே உருவாக்கிய ஒரு சாவியால் கையொப்பமிடுகிறது. அந்தச் சாவியை நம்பலாம் என்று நீங்கள் இன்னும் சொல்லாததால்தான் கெர்னல் மறுக்கிறது. எத்தனை முறை நீக்கி நிறுவினாலும் இது மாறாது.

வார், லிப், டிகேஎம்எஸ் என்ற கோப்புறை வரிசையில் உள்ளே போனால் மோக் என்ற பெயரில் பொதுச்சாவிக் கோப்பு இருக்கும். அதை மோக்யூட்டில் கட்டளையின் இம்போர்ட் தெரிவோடு கொடுங்கள். கேட்கப்படும் கடவுச்சொல் ஒரே முறை பயன்படுவது. அடுத்த திரையில் அமெரிக்க விசைப்பலகை அமைப்பே இருக்கும் என்பதால் எளிய எழுத்துகளாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கணினியை மறுபடி தொடங்கினால் டெபியன் எழும் முன் ஒரு நீலத் திரை வரும். சாவியைப் பதிவு செய்வதற்கான தெரிவை அதில் எடுத்து, அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள்.

மறுமொழி 2

பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டாலும் இந்தத் தடை நீங்கிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். வேறு இயங்குதளம் எதுவும் இல்லாத கணினியில் நானே அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் வட்டு மறையாக்கம் செய்யப்பட்ட விண்டோஸும் அதே கணினியில் இருந்தால் அது மீட்புச் சாவி கேட்டு நிற்கக்கூடும். ஆகவே அங்கே சாவியைப் பதிவு செய்வதே நல்லது.

அதோடு, கூற்றைத் தொகுக்கத் தேவையான கெர்னலின் ஹெட்டர் கோப்புகளைத் தானாகப் புதுப்பிக்கும் பொதுத் தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த கெர்னல் வரும்போது டிகேஎம்எஸ்ஸால் கூற்றைத் தொகுக்க முடியாமல் போய், இதே திரையின் முன் மறுபடி உட்கார வேண்டியிருக்கும். ஏஎம்டி, இன்டெல் அட்டைகளுக்கு இந்தப் பாடு இல்லை. அவற்றின் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, அட்டைக்குள் ஏறும் ஃபர்ம்வேர் கோப்புகள் மட்டும் தனியே வேண்டும். நூவோவிலேயே இருந்துவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. ட்யூரிங் அட்டைகளை முழு வேகத்தில் இயக்கத் தேவையான ஜிஎஸ்பி ஃபர்ம்வேரைப் பயன்படுத்தும் வசதி 2024-இல் வந்த 6.7 கெர்னலில்தான் நூவோவுக்குக் கிடைத்தது. டெபியன் 12-இல் இருப்பது 6.1. ஆகவே உங்கள் வேலைக்கு இப்போதைக்கு அது போதாது.

கேட்டவர்

முதல் முயற்சியில் நீலத் திரை வந்ததையே கவனிக்கவில்லை. அது பத்து நொடி காத்திருந்துவிட்டுத் தானே கடந்துபோய்விடுகிறது. நான் வேறு பக்கம் திரும்பியிருந்தேன். சாவியை மறுபடி கொடுத்து, இம்முறை விசைப்பலகையில் கையை வைத்தபடியே காத்திருந்து பதிவு செய்தேன். திரை முழு அளவுக்கு வந்துவிட்டது, கிராபிக்ஸ் வரியில் அட்டையின் பெயரும் தெரிகிறது. ஹெட்டர் பொதுத் தொகுப்பு உண்மையிலேயே இல்லை, இப்போது நிறுவிவிட்டேன். ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்புக்கும் சாவியை மறுபடி பதிவு செய்ய வேண்டுமா?

மறுமொழி 1

தேவையில்லை. டிகேஎம்எஸ் அதே சாவியையே தொடர்ந்து பயன்படுத்தும். டெபியனை அடியோடு அழித்து நிறுவினால் மட்டும் புதிய சாவி உருவாகும். அப்போது அந்த நீலத் திரையை இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கும்.