'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்': தமிழ்ச் சொல் வெள்ளிக்குள் தேவை

இரா.வ., சென்னை:

அன்புள்ள குழுவினருக்கு, ராக் இசை வரலாறு பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். பிக்ஸீஸ் என்ற ராக் குழுவைப் பற்றிய பகுதியில் வேலை நின்றுவிட்டது. 1986இல் பாஸ்டனில் தொடங்கி 1993இல் கலைந்த குழு அது. 2004இல் அவர்கள் மீண்டும் சேர்ந்தபோது 4ஏடி என்ற இசைத்தட்டு நிறுவனம் 23 பாடல்களைத் திரட்டி ஒரே தட்டாக வெளியிட்டது. ஒரு குழுவின் பாடல்களில் தேர்ந்தெடுத்துத் திரட்டும் இத்தகைய 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'வெற்றிப் பாடல்கள்' என்று எழுதி அடித்துவிட்டேன். அமெரிக்காவின் முதன்மைத் தரவரிசையில் இவர்களுடைய பாடல் ஒன்றுகூட ஏறியதில்லை. ஆனால் நிர்வாணா என்ற ராக் குழுவின் மிகப் புகழ்பெற்ற பாடலை எழுதும்போது பிக்ஸீஸைப் போலச் செய்யத்தான் முயன்றதாக 1994இல் அக்குழுவின் பாடகர் கர்ட் கோபேனே சொன்னார். மெல்லத் தொடங்கிப் பல்லவியில் வெடிக்கும் அந்த அமைப்பு இவர்களிடமிருந்து வந்தது. இவர்களுக்கு 'வெற்றி' என்ற சொல் பொருந்துமா?

க.செ., மதுரை:

தம்பி, அடித்தது சரி. வென்றதும் சிறந்ததும் ஒன்றல்ல. நான் முன்வைப்பது 'தெரிதொகை'. தெரிதல் என்றால் ஆராய்ந்து எடுத்தல். 'தெரிந்து தெளிதல்' என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார். 'மிகைநாடி மிக்க கொளல்' அங்கேதான் இருக்கிறது. வினைத்தொகையாதலால் வல்லினம் மிகாது. 'தெரித்தொகை' என்று யாரும் அச்சிட்டுவிட வேண்டாம்.

பே.மா., திருச்சி:

ஐயா, வகுப்பில் 'தெரிதொகை' என்று எழுதிப் போட்டால் பிள்ளைகள் பணம் என்றுதான் நினைப்பார்கள். பரிசுத்தொகை, காப்பீட்டுத்தொகை, நிலுவைத்தொகை: இன்று தொகை இருக்கும் இடம் வங்கி. 'தெரி'யும் கண்ணுக்குப் புலப்படுவது என்றே பொருள்படும். படித்தவுடன் புரியாத சொல்லைச் செய்து யாருக்குக் கொடுக்கப் போகிறோம்? 'சிறந்த பாடல்கள்' போதும். ஒலிநாடா அட்டைகளில் இருபது ஆண்டுகள் அதைத்தான் படித்தோம்.

க.செ., மதுரை:

அம்மா, குறுந்தொகையை யாரும் சிறுசேமிப்பு என்று எண்ணவில்லையே! அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம் (தனித்து நிற்பது), குளகம் (பல பாட்டு ஒரு வினையில் முடிவது), தொகை, தொடர்நிலை என்று நான்காகப் பிரிக்கிறது. தனிப்பாடலாக வரும் இசைத்தட்டு முத்தகம், ஒரே மூச்சில் அமைத்த ஆல்பம் தொடர்நிலை, இது தொகை. இலக்கணம் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது, நாம்தான் குடியேறவில்லை.

இன்னொன்றும் உண்டு. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தோன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. 2008இல் ரேடியோஹெட் என்ற ராக் குழுவின் பாடல்களை அவர்களின் பங்கேற்பு இல்லாமலே பழைய இசைத்தட்டு நிறுவனமான இஎம்ஐ தொகுத்து வெளியிட்டது. பாடியவர் வேறு, தொகுப்பித்தவர் வேறு. இந்த வேறுபாட்டுக்குத் தமிழில் உள்ள வினைவடிவம் எத்தனை மொழிகளில் உண்டு?

பே.மா., திருச்சி:

தண்டியலங்கார உரை தொகையின் அடிப்படைகளைச் சொல்கிறது: பொருள், இடம், காலம், தொழில், பாட்டு, அளவு. அந்தப் பட்டியலில் தரம் எங்கே, ஐயா? இது தரத்தால் எடுத்த தொகை. உங்கள் சான்றே உங்களுக்கு எதிராக நிற்கிறது.

த.சி., யாழ்ப்பாணம்:

அக்கா சொன்னதில் பாதியை மறுக்கிறேன். இங்கே 'தெரி' சாகவில்லை. தேர்தலில் உறுப்பினரைத் தெரிவு செய்கிறோம், நாடாளுமன்றத்தில் தெரிவுக்குழு இருக்கிறது. றெக்கோடிங் பாரில் வெற்று நாடாவைக் கொடுத்து, பாட்டுகளைத் தெரிவு செய்து பதிந்து வாங்கிய தலைமுறை நாங்கள். 'தெரிவுப் பாடல்கள்' என்று வையுங்கள். தட்டு என்றும் எழுத வேண்டாம். இறுவட்டு என்ற நல்ல சொல் எங்களிடம் உண்டு.

(இறுவட்டா குறுந்தகடா என்று பதினொரு மடல்கள் போயின. அவற்றைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். – மட்டுறுத்துநர்)

இரா.வ., சென்னை:

அனைவருக்கும் நன்றி. நாளை ஒப்படைக்கிறேன். 'தெரிவுப் பாடல்கள்' என்று எழுதியிருக்கிறேன். நால்வர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு. செ. ஐயா 'தொகை' இல்லாமல் மனம் ஒப்பவில்லை என்று தனிமடலில் எழுதினார்.

பே.மா., திருச்சி:

என் மறுப்பு அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டு வாசகர் 'தெரிந்த பாடல்கள்' என்று பொருள்கொள்வார். பிக்ஸீஸ் விஷயத்தில் அது நேர்மாறான பொருள்.

இரா.வ., சென்னை:

அடுத்த பத்தியில் 2001இல் வந்த 'பி-சைட்' தொகுப்பு வருகிறது, அக்கா. இசைத்தட்டின் மறுபக்கப் பாடலுக்கு என்ன சொல்லலாம்?

க.செ., மதுரை:

புறப்பாட்டு. அகம், புறம் என்று தொடங்குகிறேன், இரவு விரிவாக எழுதுகிறேன்.